வாயெஸ் கால்டெரா: 'காலி நிலம்' எனப்பட்ட எரிமலைக் கிண்ணம்

வாயெஸ் கால்டெரா தேசியக் காப்பகம், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹேமெஸ் மலைத்தொடரின் நடுவே அமைந்துள்ளது. இதன் பரப்பு சுமார் 89,000 ஏக்கர். இங்குள்ள புல்வெளிகளே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் உள்ளன. உயர்ந்த சிகரமான ரெடோண்டோ 3,430 மீட்டர். எல்க் மான், கரடி, கயோட்டி எனும் சிறு ஓநாய், பொன்னிறக் கழுகு ஆகியவற்றைப் பார்க்கவும் மலைப்பாதைகளில் நடக்கவும் மக்கள் இங்கு வருகின்றனர். எல்க் என்பது கடமானைவிடப் பெரிய மான். இலையுதிர் காலத்தில் ஆண் மான்கள் இணைதேடி எழுப்பும் நீண்ட சீழ்க்கைக் குரலைக் கேட்பதற்காகவே வருவோரும் உண்டு.

மனிதர் கை படாத இயற்கை என்றே இக்காட்சி தோன்றும். ஆனால் மலையையும் மண்ணையும் விட்டுப் பார்த்தால், மானும் மரமும் வேலியும் ஒரு நீண்ட நில வழக்கின் விளைவுகளே.

கிண்ணம் உருவான விதம்

சுமார் 12.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கு மிகப் பெரிய எரிமலை வெடிப்பு நிகழ்ந்தது. நிலத்தடியில் இருந்த பாறைக் குழம்பு வெளியேறியதும், தாங்குவதற்கு ஏதுமின்றி மேல்தளம் உள்ளே சரிந்தது. இவ்வாறு சரிந்து உண்டான பெரும் பள்ளத்தைக் கால்டெரா என்பர். ஸ்பானிய மொழியில் கொப்பரை என்று பொருள். 'வாயெஸ்' என்றால் பள்ளத்தாக்குகள். பள்ளத்தின் குறுக்களவு 20 கிலோமீட்டருக்கும் மேல். பின்னர் அடியிலிருந்து புதிய குழம்பு உந்தியதால் பள்ளத்தின் நடுத்தளம் மேலெழுந்து ரெடோண்டோ சிகரம் ஆயிற்று. இவ்வாறு மீண்டும் எழும் கால்டெராக்களுக்கு இதையே முன்மாதிரியாகக் கொண்டு ராபர்ட் ஸ்மித், ராய் பெய்லி என்னும் நிலவியலாளர்கள் 1960களில் எழுதினர். 1964இல் அப்பல்லோ விண்வெளி வீரர்கள் பாறைகளைப் படிக்கக் கற்க இங்கு அழைத்து வரப்பட்டனர்.

நடந்து செல்வோர் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்று உண்டு. பொதுவாக மலையில் ஏற ஏற மரங்கள் குறைந்து புல் வரும். இங்கோ சரிவுகளில் மரங்களும் அடியில் வெறும் புல்லும் காணப்படும். இரவில் குளிர்காற்று கீழிறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால் உறைபனி கன்றுகளைக் கொன்றுவிடுகிறது. பழைய ஏரிகள் விட்டுச்சென்ற நுண்ணிய வண்டலும் மரங்களுக்கு ஒவ்வாதது.

ஒரு சொல்லின் விலை

எரிமலைக் கண்ணாடியை உடைத்துக் கத்தியும் அம்புமுனையும் செய்ய, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் இங்கு வந்துள்ளனர். ஹேமெஸ் பியூப்லோ மக்களுக்கு ரெடோண்டோ 'வாவேமா' என்னும் புனித மலை. அவர்கள் இங்கு வேட்டையாடினர், மூலிகை எடுத்தனர், வழிபட்டனர், தாழ்ந்த பகுதிகளில் பயிரும் செய்தனர்.

இந்நிலம் கைமாறியது வேறொரு தகராறினால். லாஸ் வேகாஸ் என்னும் நியூ மெக்சிகோ ஊரின் நிலம் (நெவாடாவில் உள்ள சூதாட்ட நகரம் அன்று), முதலில் லூயிஸ் மரியா கபேசா தே பாக்கா என்பவருக்கும், பின்னர் குடியேறிகளுக்கும் மானியமாகத் தரப்பட்டிருந்தது. ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா. 1848இல் இப்பகுதி அமெரிக்காவின் வசமானபின் சிக்கல் அதன் தலையில் விழுந்தது. 1860இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது: ஊர் குடியேறிகளுக்கே, பாக்காவின் வாரிசுகள் அதற்கு ஈடாகக் கனிமமற்ற 'காலி நிலத்தை', ஐந்துக்கு மேற்படாத சதுரத் துண்டுகளாகத் தாமே தேர்ந்துகொள்ளலாம். அவர்கள் முதலில் தேர்ந்தது இந்தக் கால்டெராவை. சுமார் ஒரு லட்சம் ஏக்கர். ஹேமெஸ் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் தொடர்ந்து அங்கு சென்றுவந்தபோதும் ஏடுகளில் அது காலி நிலமே.

ஆடு, மரம், ஆவி

அதன்பின் நிலம் பல கை மாறியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஃபிராங்க் பாண்ட் என்னும் வணிகர் இங்கு பெரும் மந்தைகளை மேயவிட்டார். ஆடுகளை அவர் மேய்ப்பர்களிடம் வாரத்துக்கு விட்டார். ஆண்டுதோறும் குட்டியும் கம்பளியும் அவருக்கு வரவேண்டும், ஆடு செத்தால் நட்டம் மேய்ப்பருடையது. பலர் கடனில் மூழ்கினர். மர உரிமையோ வேறொருவரிடம் இருந்ததால், மலைகளைச் சுற்றிச் சுற்றிப் பாதை வெட்டி மரங்கள் சாய்க்கப்பட்டன. 1963இல் நிலத்தை வாங்கிய பேட் டனிகன், இந்த வெட்டை நிறுத்த வழக்காடி, 1972இல் மர உரிமையையும் விலைக்கு வாங்கினார். அதே டனிகன்தான் நிலத்தடி வெப்பத்தில் மின்சாரம் எடுக்கவும் குத்தகைக்கு விட்டார். போதிய ஆவி கிடைக்காமல் அத்திட்டம் 1980களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. ஆவி கிடைத்திருந்தால் இன்று இங்கு காப்பகம் இருந்திருக்குமா என்பது ஐயமே.

எல்க் மான்களும் தொன்றுதொட்டு இருந்துவரும் கூட்டம் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேட்டையால் அவை நியூ மெக்சிகோவில் அற்றுப்போயின. 1940களின் இறுதியில் யெல்லோஸ்டோனிலிருந்தும், 1960களின் நடுவில் வயோமிங்கின் ஜாக்சன் ஹோலிலிருந்தும் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்களே இன்றுள்ளவை. ஓநாய்கள் முன்பே ஒழிக்கப்பட்டிருந்தன. 1977இல் அருகே நேர்ந்த காட்டுத்தீக்குப்பின் வளர்ந்த புல் குளிர்கால மேய்ச்சலானதால் மான்கள் வேகமாகப் பெருகின.

அரசு வாங்கிய பின்

2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு சுமார் 10.1 கோடி டாலருக்கு இந்நிலத்தை வாங்கியது. அதை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்து, 15 ஆண்டுகளில் தன் செலவுக்குத் தானே சம்பாதிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. மேய்ச்சல் கட்டணமும் மான் வேட்டைக்கான குலுக்கல் சீட்டும் அதற்குப் போதவில்லை. 2014இல் புதிய சட்டத்தின்படி தேசியப் பூங்காத் துறைக்கு மாற்றப்பட்டது. ஆயினும் இது 'பூங்கா' அன்று, 'காப்பகம்'. உரிமம் பெற்றோர் இன்றும் வேட்டையாடலாம். ரெடோண்டோவில் 10,000 அடிக்கு மேல் சாலையும் கட்டடமும் கூடாது என்பது 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியாக இருந்தது.

2011 ஜூன் 26 அன்று ஒரு மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்து, லாஸ் கொஞ்சாஸ் தீ மூண்டது. மொத்தம் 1,56,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அதில் சுமார் 30,000 ஏக்கர் காப்பகத்துக்கு உட்பட்டது. முன்காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புல்லில் தவழும் சிறு தீ, சருகையும் கன்றையும் எரித்துவிட்டுப் பெருமரங்களை விட்டுவைக்கும். மரங்களின் ஆண்டு வளையங்களில் உள்ள வடுக்கள் இதைக் காட்டுகின்றன. ஆடுகள் புல்லை மேய்ந்ததும், அதிகாரிகள் எல்லாத் தீயையும் அணைத்ததும், வெட்டிய இடத்தில் மரங்கள் நெருக்கமாக முளைத்ததும் சேர்ந்து காட்டை விறகுக் குவியலாக்கிவிட்டன. சரிவுகளில் கருகி நிற்கும் மரங்களைக் காண்போர், பாண்டின் மந்தைகளையும் நினைவிற்கொள்ளலாம்.

2012இல் ஹேமெஸ் பியூப்லோ, தங்கள் பூர்வீக உரிமை அழியவில்லை என்று அரசின்மேல் வழக்குத் தொடுத்தது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தோடே அது முடிந்துவிட்டது என்றது அரசு. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மானியம் ஒன்றினால் மட்டும் பூர்வீக உரிமை போய்விடாது என்று கூறி வழக்கை மீண்டும் விசாரிக்க அனுப்பியது. கீழ் நீதிமன்றம் 2019இல் ஹேமெஸ் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு பகுதியில் மட்டும் அவர்களுடைய உரிமை நிலைத்திருப்பதாகத் தீர்ப்பளித்தது. அப்பகுதி காப்பகத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள பாங்கோ பொனித்தோ. கால்டெராவிலேயே மிக இளைய எரிமலைப் பாறை அங்கேதான் உள்ளது. அதன் வயது சுமார் 70,000 ஆண்டுகள். அதன்மேல் ஹேமெஸ் முன்னோர் கட்டிய கல் வயல்வீடுகளின் அடித்தளங்கள் இன்றும் காணப்படுகின்றன.