சுவருக்குள் 52 வருடம்

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க உட்கார்ந்தவன், எப்படியோ சீன வரலாற்றுக்குள் போய் விழுந்துவிட்டேன். அதில் ஒரு பெண் மட்டும் இன்னும் மனதை விட்டு அகலவில்லை.

அவர் பெயர் யாங் கைஹுய். செஞ்சேனைத் தலைவர் மாவோவின் மனைவி. சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 29 தான்!

1901-ல் ஹூனான் மாகாணத்தில், பான்சாங் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா யாங் சாங்ஜி, ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் படித்த பேராசிரியர். மாவோ அவருடைய மாணவர். 1918-ல் பேராசிரியர் பீகிங் பல்கலைக்கழகத்துக்குப் போக, மாவோவுக்கும் அங்கே நூலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 8 யுவான். 1920 ஜனவரியில் அப்பா காலமானார். அந்த வருடக் கடைசியிலேயே சடங்கு, பல்லக்கு எதுவும் இல்லாமல் திருமணம்.

மூன்று பையன்கள் பிறந்தார்கள். கைக்குழந்தையோடு கட்சி வேலையும் பார்த்தார். 1927-ல் சியாங் கை ஷேக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாட ஆரம்பித்தார். விவசாயிகளைத் திரட்டிப் போராடப் போன மாவோ, தோற்று ஜிங்காங் மலையில் ஏறினார். கைஹுய் குழந்தைகளோடு பான்சாங் திரும்பினார். அதன்பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை.

அடுத்த வருடமே மலையில் மாவோ, ஹெ சிசென் என்ற இளம்பெண்ணோடு வாழத் தொடங்கிவிட்டார். (இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.)

1930-ல் செஞ்சேனை சாங்ஷா நகரத்தை இரண்டு முறை தாக்கியது. அந்த ஆத்திரம் மனைவி மேல் பாய்ந்தது. ஹூனான் ஆளுநர் ஹெ ஜியானின் ஆட்கள் அக்டோபரில் அவரைப் பிடித்தார்கள். எட்டு வயது மகன் ஆன்யிங்கும் சிறைக்குப் போனான். மாவோவோடு உறவு இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தால் விடுதலை என்றார்கள். மறுத்துவிட்டார். நவம்பர் 14-ல் சாங்ஷாவில் சுட்டுக் கொன்றார்கள்.

ஷாங்காய்க்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் கடைக்குட்டி ஆன்லாங் அடுத்த வருடமே இறந்துபோனான். ஆன்யிங் 1950-ல் கொரியப் போரில் குண்டுவீச்சில் இறந்தார்.

1957-ல் மாவோ, கைஹுய்யை நினைத்து ஒரு கவிதை எழுதினார். 'யாங்' என்றால் பாப்லர் மரம். அந்தப் பெயரை வைத்து எழுதிய கவிதை மிகவும் புகழ்பெற்றது.

ஆனால் கைஹுய்யும் எழுதியிருந்தார்! தனியாக இருந்த அந்த மூன்று வருடங்களில் கவிதை, கடிதம், தன் கதை என்று எழுதி, வீட்டுச் சுவரின் இடுக்கில் மறைத்து வைத்திருந்தார். கணவர் மேல் இருந்த காதல், தவிப்பு, தனக்கு ஏதாவது ஆனால் குழந்தைகளை யார் பார்ப்பார்கள் என்ற பயம், எல்லாம் அதில் இருந்தது. 1982-ல் வீட்டைப் பழுது பார்த்தபோதுதான் அவை வெளியே வந்தன.

மாவோ 1976-லேயே இறந்துவிட்டார். மனைவி எழுதியதை அவர் கடைசிவரை படிக்கவே இல்லை.

கணக்குப் படிக்கிறவன் என்பதால் இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு உயிர், இன்னொரு பக்கம் ஒரு கவிதை. எனக்கு டேலி ஆகவில்லை. உங்களுக்கு?