கண்ணனூரில் நின்றவர்கள் யார்?

ஆய்வேடு எழுதும் நம் பிள்ளைகளிடம் நெறியாளர்கள் கேட்பவற்றுள் முதன்மையானது ‘கருத்துச் சட்டகம்’. எந்தப் பார்வையில் தரவுகளை அணுகப்போகிறோம் என்பதன் வரைவு அது. அதைத் தேர்ந்துகொள்வது எளிது. தாங்குமா என்று சோதிப்பதே கடினம். இச்சட்டகம் சரியென்றால் எது நிகழ்ந்திருக்கவே கூடாது என்று கேட்பதுதான் சோதனை.

திருச்சி வட்டாரத்தின் இடைக்கால வரலாற்றுக்குப் பொருத்தப்பட்டுவரும் சட்டகம் ‘இரு மதங்கள், இரு படைகள்’ என்பது. அது சரியென்றால், 1311இல் மாலிக் கபூர் வந்தபோது எதிரணியில் ஒரு முஸ்லிமும் இருந்திருக்கக் கூடாது.

இருந்தார்கள். சொல்பவர் தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு. அப்படையெடுப்பைப் புகழ்ந்தெழுதிய ‘கஸாயினுல் ஃபுதூஹ்’ நூலில், கந்தூர் என்னுமிடத்தில் இந்து அரசரின் கீழிருந்த முஸ்லிம்கள் அகப்பட்டதையும், மார்க்கப் பேணுதலில் தளர்ந்திருந்தும் கலிமா சொல்லத் தெரிந்ததால் அவர்கள் உயிர் பிழைத்ததையும் குறிக்கிறார். கந்தூர் என்பது ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர் என்று வரலாற்றாசிரியர்கள் அடையாளம் கண்டுள்ளனர்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே கண்ணனூர்–கொப்பம் பகுதியில் போசள மன்னர் மூன்றாம் வல்லாளரும் மதுரை சுல்தான் கியாதுத்தீனும் பொருதினர். வல்லாளரின் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்தனர் என்கிறார் இப்னு பதூதா. அவர்களைப் போக்கிரிகள் என்றும் ஓடிவந்த அடிமைகள் என்றும் ஏசவும் செய்கிறார். அவர் சுல்தானுக்குச் சகலை!

அறிவிப்பாளரின் தகுதியையும் சார்பையும் எடைபோடுவது ஹதீஸ் கலை நமக்குத் தந்த பழக்கம். இவ்விருவரும் வென்ற தரப்பைச் சேர்ந்தவர்கள். எதிரணியில் முஸ்லிம்களை இட்டுக்கட்டிச் சேர்க்க இவர்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. 20,000 என்ற எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் அம்மக்கள் இருந்தனர் என்பதை மறுக்க இயலாது. ‘இரு படைகள்’ சட்டகம் இங்கே முறிகிறது.

அப்படியானால் நமக்கு உவப்பான ‘என்றும் நல்லிணக்கம்’ என்ற சட்டகம் தேறுமா? தேறாது. ஸ்ரீரங்கத்தின் ‘கோயிலொழுகு’ படையெடுப்புகளையும் உயிர்ப்பலிகளையும் பதிவு செய்திருக்கிறது. உற்சவமூர்த்தி பல்லாண்டுகள் ஊர் ஊராக மறைத்து வைக்கப்பட்டு, கோபணரால் 1371இல் மீண்டும் நிறுவப்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. அதனை விழுங்கிவிட்டு வரலாறு எழுதுவது நேர்மையாகாது. சுல்தானின் மகள் அம்மூர்த்தியிடம் மனம் பறிகொடுத்த கதையையும் அதே கோயில் மரபுதான் காத்துவருகிறது. துலுக்க நாச்சியாருக்கு இன்றும் அங்கே ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். எந்த ஒற்றைச் சட்டகத்துக்குள் இவ்விரண்டையும் அடைப்பது?

நம் பெருமைக்குரிய சான்றுகளுக்கும் இதே அளவுகோல்தான். திருச்சிக் கோட்டை ரயில் நிலையத்தின் அருகிலுள்ள கல்லுப்பள்ளிக்கு ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734, என்று ஆண்டு கூறப்படுகிறது. உறுதிப்பட்டால், மாலிக் கபூருக்கு ஏறக்குறைய 600 ஆண்டுகள் முன்பே இங்கே தொழுகை நடந்திருக்கிறது என்றாகும். ஆயின் அங்குள்ள அரபுக் கல்வெட்டு அந்த ஆண்டிலேயே பொறிக்கப்பட்டதா, பின்னாளில் நினைவாக வைக்கப்பட்டதா? எழுத்தின் வடிவையும் கட்டடத்தின் தூண்களையும் தனித்தனியே ஆராய்ந்தே விடை காண வேண்டும். ஜமால் முகமது கல்லூரியில் வரலாறு பயிலும் ஒரு மாணவர் இதையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.