சோபட்மா எங்கே?

மரக்காணம் என்றதும் மனக்கண்ணில் நிற்பது உப்பு. வெயிலிலே வெந்து, பாத்தியிலே நின்று, வெள்ளைக் குவியலை எழுப்பும் உழைப்பாளர் ஊர் அது. கிரேக்கன் ஏட்டிலே இந்த ஊர் இடம்பெற்றது என்று வகுப்பில் நான் சொன்னபோது, உப்பளத்தார் வீட்டுப் பிள்ளைகள் சிரித்தனர்! குற்றம் அவர்களுடையதன்று. அலெக்சாந்தர் வந்த வழியைப் பாடமாகப் படித்தவர்கள், தம் கடற்கரையைப் படித்ததில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்திலிருந்து வாணிகம் செய்த பெயரறியா ஒருவன் கிரேக்க மொழியில் எழுதியது ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூல். கமரா, பொடுகே, சோபட்மா என மூன்று துறைகளை அடுத்தடுத்துக் குறிக்கிறான் அவன். கமரா, காவிரிப்பூம்பட்டினம். பொடுகே, புதுவை அருகே அரிக்கமேடு. சோபட்மா? ‘சோ’ என்றாலும் மதில், ‘எயில்’ என்றாலும் மதில். சிறுபாணாற்றுப்படை காட்டும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினமே சோபட்மா, அதுவே மரக்காணம் என்பது அறிஞர் பலர் துணிபு.

சொல் ஒற்றுமை மட்டும் போதுமா? போதாது, மண்ணையும் கேட்க வேண்டும். 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டினார் வீலர். மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளைக் கண்டார். உட்புறத்தே வளையவளையமாகப் புள்ளிக்கோலமிட்ட கலங்களும் அங்கிருந்து வந்தவையே என்று முடிவு கட்டினார். மேலைநாட்டான் கைபட்டால்தான் கலை பிறக்கும் என்ற நினைப்போ! பின்னாளில் களிமண்ணைச் சோதித்தனர். கலம் இந்திய மண்ணில் வனையப்பட்டது என்று தெரிந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் நடத்திய ஆய்வு, யவனர் வருகைக்கு முன்பே அங்கே ஊர் இருந்ததைக் காட்டிற்று.

வந்தது கண்டோம், சென்றது எது? செங்கடற்கரைப் பெரனிகே, கிரேக்க மரபினனான இரண்டாம் தாலமி தன் தாயின் பெயரால் அமைத்த துறை. அங்கே கோயில் முற்றத்தில், இந்தியச் சாடியொன்றில் 7.5 கிலோ மிளகு! தமிழ்ப் பிராமியில் கொற்றன் பெயர் கீறிய பானை ஓடு ஒன்று! பானைதானே போயிற்று, ஆளும் போனானா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இந்தியச் சமையற் சட்டிகளும் அங்கே கிடைத்துள்ளன. சட்டி இருந்தால் சமைத்தவனும் இருந்திருப்பானன்றோ? கடற்பயணம் சாதியைக் கெடுக்கும் என்று பௌதாயன தர்ம சூத்திரம் எழுதி வைத்தது. கொற்றனின் பானையோ கடல் கடந்து, பெயரையும் கொண்டு சென்றது!

மரக்காணத்திலும் 2005-06-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது.

“உப்பைப் பற்றி ஒன்றும் இல்லையா, ஐயா?” என்றான் ஒரு மாணவன். அதே சிறுபாணாற்றுப்படையில் உப்பு வண்டியோடு செல்லும் உமணர் வருகின்றனர். அவர்கள் குழந்தைகளோடு கூடி விளையாடும் மந்தியும் வருகிறது என்றேன். மீண்டும் சிரித்தனர். இம்முறை, அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னார்கள்.