ஒரு டிராயிங் எல்லை தாண்டும் கதை

பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில் ஷாஃப்ட் ஒன்றின் டிராயிங் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும்போது அது கேட் மென்பொருளின் கோப்பு. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அதில் கோடு கோடாகவே இருக்கும். அங்கிருந்து அத்திப்பள்ளி, ஜூஜூவாடி தாண்டி ஓசூரில் நாலு மெஷின் ஓடும் ஒரு பட்டறைக்கு அது வந்து சேர வேண்டும். இருபது கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரம்தான். அதற்குள் மூன்று நான்கு முறை உருவம் மாறிவிடுகிறது.

ஓசூரின் மூத்த டர்னர்கள் பார்த்துப் பழகிய டிராயிங் வேறு. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலையும் டி.வி.எஸ். மொபெட்டும் இங்கே வந்த காலத்தில், டிரேசிங் பேப்பரில் இங்க் பேனாவால் வரைந்து அம்மோனியா பிரிண்ட் போடுவார்கள். தாளை விரித்தாலே நெடி மூக்கில் ஏறும். அதற்கும் முன்னோடி, 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீலப் பிரதி. எண்ணெய்க் கை பட்டு அந்தத் தாள்கள் அழுக்காகும், மடிப்பில் கிழியும். ஆனால் எது அழிந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

இன்றைய பயணத்தில் முதல் மாற்றம் பி.டி.எஃப். 1993-இல் அடோபி வெளியிட்டது. கேட் மென்பொருளிலிருந்து நேரடியாக எடுத்தால் இதிலும் கோடு கோடாகவே நிற்கும், சேதாரம் இல்லை. அடுத்த மாற்றத்தில்தான் வினை. போனில் சட்டென்று திறக்குமே என்று பர்ச்சேஸில் ஒருவர் அதை ஜே.பெக் ஆக்கி, வாட்ஸ்அப்பில் போட்டோவாகத் தட்டிவிடுகிறார். வாட்ஸ்அப் அதை இன்னும் சுருக்குகிறது. பட்டறை முதலாளி ஸ்கிரீன்ஷாட் எடுத்து செட்டருக்கு அனுப்புகிறார். செட்டர் பிரிண்ட் எடுத்து மெஷின் கதவில் ஒட்டுகிறார்.

வழியில் என்ன தொலைந்தது? ஏ3 தாளின் நீளம் 420 மி.மீ. அதை 300 டி.பி.ஐ.யில் படமாக்கினால் நீளவாக்கில் 4,961 பிக்சல். 0.4 மி.மீ. அகலமுள்ள தசமப் புள்ளிக்கு நான்கைந்து பிக்சல் கிடைக்கும். அதே படம் 1,600 பிக்சலாகச் சுருங்கினால் அந்தப் புள்ளிக்கு ஒன்றரை பிக்சல்தான். மேலும், ஜே.பெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காத நுண்ணிய வேறுபாடுகளைத் தள்ளிவிடுகிறது. முகத்திலும் மாந்தோப்பிலும் அது தெரியாது. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் ஓரமெல்லாம் கரி படிந்துவிடும். முறை முறையாகச் சேமிக்கச் சேமிக்க இன்னும் மோசமாகும்.

இப்போது நம் ஷாஃப்ட்டுக்கு வருவோம். பேரிங் உட்காரும் இடத்தில் 25 எச்6 என்று போட்டிருக்கிறது. அதாவது விட்டம் 25 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, 24.987-க்குக் கீழே இறங்கக் கூடாது. மங்கிய 6 செட்டர் கண்ணுக்கு 8 ஆகத் தெரிந்தால் கீழ் எல்லை 24.967. அவர் 24.970-இல் முடித்துவிட்டு, தன் கணக்குப்படி சரியாகத்தான் செய்திருப்பார். இன்ஸ்பெக்‌ஷனில் மைக்ரோமீட்டர் வைத்ததும் மொத்த லாட்டும் ரிஜெக்‌ஷன்.

மங்கல்கூடப் பரவாயில்லை, சந்தேகப்பட்டுப் போன் போட்டுக் கேட்கலாம். 2013-இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் கண்டது அதைவிட விபரீதம். ஜெராக்ஸ் கம்பெனியின் சில இயந்திரங்களில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில், 21.11 சதுர மீட்டர் அறை பளிச்சென்று 14.13 ஆகியிருந்தது. இடத்தை மிச்சப்படுத்த, ஒன்றுபோல் தெரிந்த துண்டுகளுக்கு ஒரே படத்தைப் போட்டுக்கொண்டது ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை. 6 இருந்த இடத்தில் 8 வந்த தாள்களும் உண்டு. கம்பெனி பிறகு மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது.

ஆகவே எந்த வடிவம் எதற்குப் பிறந்தது என்று தெரிந்திருப்பது நல்லது. 1986-இல் வந்த டிஃப், ஸ்கேன் செய்த தாள்களுக்கானது. பல பக்கங்களை ஒரே கோப்பில் வைக்கும், ஃபேக்ஸ் வழி வந்த ஜி4 முறையில் கறுப்பு வெள்ளைத் தாளை இழப்பின்றிச் சுருக்கும். ஆவணக் காப்புக்கு அது போதும். 1987-இன் ஜிஃப்புக்கு 256 நிறம்தான். அதன் சுருக்கும் முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கப் போய், மாற்றாக 1996-இல் பி.என்.ஜி. வந்தது. கோடு, எழுத்து, எண் எதையும் அது இழக்காது. 1992-இல் தரநிலையான ஜே.பெக் புகைப்படத்துக்கு. துருப்பிடித்த பார்ட்டைக் காட்டவோ, வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் 50 கே.பி.க்குள் முகத்தை ஏற்றவோ அதைவிட வசதி வேறில்லை.

டிராயிங் என்றால் முதலில் பி.டி.எஃப். படமாகத்தான் வேண்டும் என்றால் 300 டி.பி.ஐ.யில் பி.என்.ஜி. கனமாக இருந்தால் நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்குங்கள், அளவைக் குறைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அல்ல, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். டிராயிங் எண்ணும் ரிவிஷன் எண்ணும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே மங்கிய ஜே.பெக்கை பி.என்.ஜி. ஆக்குவதில் பயனில்லை, கோப்பு பெருக்கும், போன எண் திரும்பாது.

வேலை எடுக்கும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்டரோடு ஜே.பெக் வந்தால், மெஷினில் ஜாப் மாட்டும் முன் பி.டி.எஃப். கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. லாட் திரும்பி வந்தால் மெட்டீரியல் காசு உங்கள் தலையில்தான் விழும்.