பேணி நிலைத்தலும் தாங்கி நிலைத்தலும்: தமிழக இல்லங்களின் தரை, அடுக்களைப் பொருள்கள் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வீட்டைப் புதுப்பிப்போர் தரைக்கும் அடுக்களைக்கும் பொருள் தேடும்போது நீடித்துழைப்பதையே முதல் தகுதியாகக் கொள்கின்றனர். ஆனால் நீடித்துழைத்தல் என்பதன் பொருள் காலந்தோறும் ஒன்றாக இருந்ததில்லை. சாணம் மெழுகிய தரை முதல் விட்ரிஃபைடு தரையோடு வரையிலான மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இடைவிடாப் பேணுதலால் நிலைத்த பொருள்களின் இடத்தை, தேய்மானத்தைத் தாங்குவதால் நிலைக்கும் பொருள்கள் பிடித்துக்கொண்டன என்பதும், அம்மாற்றத்தில் வீட்டுப் பெண்களின் உழைப்பு குறைந்தபோதே பழுதுபார்க்கும் தொழிலறிவும் குறைந்தது என்பதும் இதன் கருத்தாகும்.

முதன்மைச் சொற்கள்: தரை, மெழுகுதல், சுண்ணாம்பு, ஆத்தங்குடி, கடப்பைக்கல், கருங்கல், அடுக்களை.

1. முன்னுரை

ஒரு வீட்டின் முகப்பும் தூணும் கதவும் காண்போர் கண்ணை ஈர்க்கின்றன. வீட்டிலுள்ளோர் நாள்தோறும் தேய்ப்பவையோ தரையும் அடுக்களையுமே. நீர், எண்ணெய், புளி, மஞ்சள், அனல், காலடி ஆகிய அனைத்தையும் இவ்விரண்டும் ஏற்கின்றன. ஆகவே ஒரு காலத்து மக்கள் எதனை உறுதியானது எனக் கருதினர் என்பதை அறிய இவை நல்ல சான்றுகளாகும். இங்கு இருவகை உறுதிகள் வேறுபடுத்திக் காட்டப்படுகின்றன. தேய்ந்ததை உடனுக்குடன் சரிசெய்து நிலைபெறச் செய்வது ‘பேணி நிலைத்தல்’. தேய்மானத்திற்கே இடங்கொடாமல் நிற்பது ‘தாங்கி நிலைத்தல்’.

2. மெழுகுதல்

தமிழகத்துச் சிற்றூர் வீடுகளில் நெடுங்காலம் வழங்கியது மண் தரையே. மண்ணை நீர் தெளித்து அடித்து இறுக்கி, அதன்மேல் சாணக் கரைசலால் மெழுகினர். சாணத்திலுள்ள நார் மண்ணின் சிறு விரிசல்களைப் பிணைத்துத் தூசு எழாமல் தடுக்கிறது. இவ்வழக்கம் மிகப் பழமையானது. புறநானூற்றின் 249ஆம் பாடல், கணவனை இழந்தவள் அவனுக்குப் படைப்பதற்காகச் சிறிய இடத்தை மெழுகும் காட்சியைக் காட்டுகிறது. அங்குச் சாணத்தைக் குறிக்க ‘ஆப்பி’ என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது.

இத்தரையின் மேற்பூச்சு சில நாட்களே தாங்கும். ஆயினும் தரை தலைமுறைகள் கடந்து நின்றது. பள்ளம் விழுந்தால் ஒரு கூடை மண்ணும் ஒரு கை சாணமும் போதும். பொருளுக்கும் கைவினைஞருக்கும் ஊருக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை. எனினும் இவ்வுறுதிக்கு விலை இருந்தது. குனிந்தும் குந்தியும் மெழுகியவர்கள் பெண்கள். வசதியுள்ள குடும்பங்களில் கூலிக்கு வந்த பெண்கள். பழந்தரையைப் போற்றும் எழுத்துகள் இவ்வுழைப்பைக் கணக்கில் கொள்ளாவிடில் வரலாறு குறைபட்டதாகும்.

3. சுண்ணாம்பிலிருந்து சிமெண்ட்டுக்கு

செல்வர் வீடுகளில் செங்கல் பரப்பிச் சுண்ணாம்புக் காரை இட்ட தரைகள் அமைந்தன. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துச் சாந்தைப் பதப்படுத்தும் முறை கொத்தர்களிடம் இருந்தது. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவது. அதனால் நாள் மிகுதியாக வேண்டும். ஆனால் மயிரிழை விரிசல்கள் சில தாமாகவே அடைபடும். வெட்டி எடுத்த பகுதியில் புதிய சாந்தை இட்டாலும் பழையதோடு இசைந்து நிற்கும்.

19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைப் பொருள்கள் இவ்வமைப்பினுள் நுழைந்தன. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு இங்கிலாந்தில் 1824இல் காப்புரிமை பெறப்பட்டிருந்தது. இந்தியாவில் அதனை உற்பத்தி செய்யும் தொடக்க முயற்சி 1904இல் சென்னையில் நிகழ்ந்தது. 1914இல் போர்பந்தரில் உற்பத்தி நிலைபெற்றது. பின்னர் டால்மியாபுரம், தாழையூத்து ஆகிய இடங்களில் எழுந்த ஆலைகள் சிமெண்ட்டைத் தமிழகத்துச் சிறுநகர வீடுகளுக்கும் எட்டச் செய்தன.

இதன் விளைவே சிவப்புத் தரை. இரும்பு ஆக்சைடுத் தூளைச் சிமெண்ட்டோடு கலந்து மேற்பூச்சாக இட்டு, ஈரம் காய்வதற்குள் கரண்டியால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றினர். இணைப்புக் கோடற்ற, குளிர்ந்த, எளிதில் துடைக்கத்தக்க இத்தரை மெழுகும் வேலையிலிருந்து பெண்களை விடுவித்தது. ஆனால் விரிசல் கண்டால் இட்ட ஒட்டு நிறம் வேறுபட்டுத் தெரிந்தது. பழுதை மறைக்க இயலாமை தமிழக இல்லத் தரையில் இவ்வாறு தோன்றியது என்பது நோக்கத்தக்கது.

4. ஆத்தங்குடிக் கல்

நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் ஈட்டிய பொருளைக் கொண்டு செட்டிநாட்டில் பெருவீடுகளை எழுப்பினர். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் வெளிநாட்டு வண்ண ஓடுகளும் அவ்வீடுகளுக்குக் கப்பலில் வந்தன. அதே வட்டாரத்தில், காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில், கையால் வார்க்கும் சிமெண்ட் ஓடு தனித் தொழிலாக வளர்ந்தது.

இதன் செய்முறை எளிது; கைத்திறனோ அரிது. சட்டத்தினுள் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் கோல அச்சை இருத்தி, வண்ணச் சிமெண்ட்டுக் கலவையைப் பகுதி பகுதியாக ஊற்றுவர். அச்சை நீக்கியபின் உலர்ந்த மணல், சிமெண்ட்டுத் தூளையும் அதன்மேல் ஈரச் சாந்தையும் நிரப்பி அழுத்துவர். இறுகியதும் நீர்த்தொட்டியில் பல நாட்கள் ஊறவைப்பர். சூளை இல்லை, மேற்பூச்சு மெருகும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்தில் படிகிறது. நாள்தோறும் துடைப்பதாலும் நடப்பதாலும் அப்பளபளப்பு மேலும் கூடுகிறது.

இங்கு இருவகை உறுதிகளும் சந்திக்கின்றன. வண்ணம் மேலோட்டமான பூச்சாக இல்லாமல் தனி அடுக்காகவே இருப்பதால் எளிதில் அழியாது. ஒரு கல் உடைந்தாலும் அதே அச்சும் அதே கைமுறையும் ஊரில் உள்ளவரை அதற்கு இணையான கல்லை வார்த்துவிடலாம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் நகரத்தாரின் அந்நாட்டு வணிகம் நிலைகுலைந்தது. இத்தகைய பெருவீடுகளைப் பேணும் பொருள் சுருங்கியது. பல வீடுகள் பூட்டப்பட்டன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் இடம்பெறுவது மட்டும் ஒரு தரையைக் காப்பதில்லை; உடைந்த கல்லுக்கு மாற்றுக் கல் வார்க்கும் பட்டறை இயங்குவதே அதனைக் காக்கிறது.

5. அடுக்களை: தரையிலிருந்து மேடைக்கு

பழைய அடுக்களையில் வேலைகள் பெரும்பாலும் தரையிலேயே நிகழ்ந்தன. அரிவாள்மனை, அம்மி, ஆட்டுக்கல், விறகடுப்பு ஆகிய யாவும் அமர்ந்து ஆளத்தக்கவை. அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல்லாயினும் பேணி நிலைத்தவையே. அரைத்து வழுவழுப்பான கல்லை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கும் தொழிலாளர் தெருத்தெருவாக வந்தனர். மாவரைக்கும் மின் எந்திரம் பரவியபின் அத்தொழில் அருகியது.

அடுக்களை எழுந்து நின்றதற்கு எரிபொருள் ஒரு முதன்மைக் காரணம். இண்டேன் சமையல் எரிவாயு 1965இல் கொல்கத்தாவில் அறிமுகமாயிற்று. எரிவாயு அடுப்பு உருளையைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆகவே எரிவாயு வந்த வீடுகளில் மேடையும் இன்றியமையாததாயிற்று. அம்மேடைக்கு முதலில் பெரிதும் பயன்பட்டது ஆந்திரத்தின் கடப்பை வட்டாரத்திலிருந்து வந்த கறுப்புக் கல்லாகும். பலகையாக எளிதில் பிளக்கக்கூடியதாகவும் மலிவானதாகவும் அது இருந்தது. ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் வெளிறிவிடும்.

பின்னர் மெருகூட்டிய கருங்கல் அவ்விடத்தைப் பெற்றது. 1978இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கனிம நிறுவனம் கருங்கல் வெட்டுதலை அரசுத் தொழிலாகவும் வளர்த்தது. தமிழர் சமையலில் புளியின் இடத்தை எண்ணும்போது இம்மாற்றம் வெறும் நாகரிக நாட்டம் அன்று என்பது புலனாகும்.

6. கடினமும் பழுதும்

ஒரு பொருள் கீறலைத் தாங்குவதும் அமிலத்தைத் தாங்குவதும் வெவ்வேறு பண்புகள். மோஸ் கடின அளவையில் பளிங்கின் முதன்மைக் கனிமமான கால்சைட் 3ஆம் நிலையிலும், கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 7ஆம் நிலையிலும் உள்ளன. பளிங்கு, கடப்பைக்கல், சிமெண்ட் ஓடு ஆகிய மூன்றையும் அமிலம் அரிக்கும். கருங்கல்லைப் புளியும் எலுமிச்சையும் அரிப்பதில்லை. ஆகவே கூடத்தில் நூற்றாண்டு நிற்கும் ஆத்தங்குடிக் கல், அடுக்களை மேடையில் சில மாதங்களிலேயே கறை கொள்ளும். இதனைக் கல்லின் குறையாகக் கொள்ளலாகாது; இடம் அறியாது இட்டதன் விளைவாகவே கொள்ள வேண்டும்.

விட்ரிஃபைடு ஓட்டின் நீருறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. கறையும் கீறலும் அரிது. தாங்கி நிலைக்கும் பொருளுக்கு இதுவே முழுமையான எடுத்துக்காட்டு. ஆயினும் அதன் கோலம் ஆலையின் சந்தைக் கணக்கைச் சார்ந்தது. சில ஆண்டுகள் கழித்து ஓர் ஓடு உடையுமாயின் அதே நிறமும் அதே அளவும் கிடைப்பது அரிது. ஒன்றற்காக அறை முழுவதையும் பெயர்ப்பதும் உண்டு. இதற்கு மாறாக, பளிங்குச் சில்லுகள் பதித்த மொசைக் தரை மங்கினால் மீண்டும் எந்திரத்தால் தேய்த்து மெருகூட்ட இயலும். பொருளின் ஆயுளுக்கும் தரையின் ஆயுளுக்கும் உள்ள வேறுபாட்டை இவை உணர்த்துகின்றன.

7. முடிவுரை

மெழுகிய தரையிலிருந்து விட்ரிஃபைடு ஓட்டுக்கு வந்த பயணத்தை இழப்பு என்றோ முன்னேற்றம் என்றோ ஒரு சொல்லில் கூற இயலாது. நாள்தோறும் குனிந்து மெழுகிய உழைப்பு நீங்கியது பெரும் விடுதலை. அதனுடன் ஊர்க்கொத்தரின் சுண்ணாம்பு அறிவும், கல் கொத்துவோரின் பிழைப்பும் நீங்கியது இழப்பு. இவ்விரண்டும் ஒரே நிகழ்வின் இரு கூறுகள்.

இன்று பழைய வீட்டைப் புதுப்பிப்போர் பலர், உறுதியாக உள்ள சிவப்புத் தரையையும் ஆத்தங்குடிக் கல்லையும் பழமை கருதிப் பெயர்த்து அகற்றுகின்றனர். எது கடினமானது என்று மட்டும் கேட்பதன் விளைவு இது. இவ்வரலாறு வேறு மூன்று கேள்விகளை நினைவூட்டுகிறது: அவ்விடத்தில் எது சிந்தும்? பழுது நேர்ந்தால் யார் சரிசெய்வார்? அதனைப் பேணும் உழைப்பு வீட்டில் யார்மீது விழும்? இம்மூன்றையும் எண்ணித் தேர்வோர் அடுக்களை மேடைக்குக் கருங்கல்லையும் கூடத்திற்குப் பழைய தரையையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளத் தயங்கமாட்டார்கள்.