பழைய எஞ்சினிற் புதிய விசை: டர்போ ஊட்டலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தொழினுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் பலரும் அதனைக் கண்டுபிடிப்புகளின் நிரலாகவே அமைப்பர். இன்ன ஆண்டில் இன்னார் இன்னதைக் கண்டார் என்று கூறிவிட்டால் வரலாறு முற்றுப்பெற்றது என்பது அவர்தம் எண்ணம். ஆனால் ஒரு கருவி தோன்றிய காலத்துக்கும் அது மக்கள் வாழ்விற் பயன்தரத் தொடங்கிய காலத்துக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்குமாயின், அந்த இடைவெளியே வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியது. முன்னரே வழக்கிலிருந்த மோட்டார்க் கார் எஞ்சின்களோடு பின்னர் இணைக்கப்பட்ட டர்போ ஊட்டி இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சாதாரண எஞ்சினில், உருளையினுள்ளே முசலம் கீழிறங்கும்போது அமுக்கம் குறைய, வெளிவளி தானாகவே உட்புகுகின்றது. அவ்வாறு புகும் வளியின் அளவே எரிக்கத்தக்க பெற்றோலின் அளவையும், அதனாற் பெறப்படும் வலுவையும் வரையறுக்கின்றது. டர்போ ஊட்டியிலோ ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரு சில்லுகள் உள. வீணே வெளியேறும் புகைவாயு ஒரு சில்லைச் சுழற்ற, மற்றையது வெளிவளியை நெருக்கி எஞ்சினுள்ளே தள்ளுகின்றது. கழிவாகப் போவதே வலுவாகத் திரும்புகின்றது. ஆயினும் இதற்கொரு விலையுண்டு. நெருக்கப்பட்ட வளி சூடேறும். அச்சூட்டினால் எரிகலவை கட்டுப்பாடின்றி வெடித்து முசலங்களைச் சிதைத்துவிடக்கூடும். ஆகவே இயல்பாக வளியை உள்ளெடுப்பதற்கென அமைக்கப்பட்ட பழைய எஞ்சினொன்று இப்புதிய விசையைத் தாங்குமா என்பதே இவ்வரலாறு முழுவதிலும் எழும் வினாவாகும்.

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பூக்கி இக்கருத்துக்கு 1905ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். அது முதலிற் பயனளித்த துறைகளை நோக்குதல் நன்று. 1918இல் ஐக்கிய அமெரிக்காவில் சான்போட் மொஸ் என்பார் லிபேட்டி என்னும் விமான எஞ்சினைப் பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு, ஏறத்தாழ 4,300 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுசென்று சோதித்தார். கடல் மட்டத்தில் 350 பரிவலு அளவினைத் தந்த அவ்வெஞ்சின், வளி ஐதான அவ்வுயரத்தில் ஏறக்குறைய 230 பரிவலுவையே தந்தது. டர்போ ஊட்டியுடன் மீண்டும் 350ஐச் சிறிது தாண்டியது. இங்கு ஊட்டியானது எஞ்சினின் இயல்பான வலுவைக் கூட்டவில்லை. உயரத்தில் இழந்ததை மீட்டுக்கொடுத்தது. 1920களிற் கப்பல்களின் டீசல் எஞ்சின்களிலும் இக்கருவி வெற்றியீட்டியது. டீசல் எஞ்சின் வளியை மட்டுமே நெருக்கிப் பின்னரே எரிபொருளைத் தெளிப்பதால் மேற்கூறிய அபாயம் அதற்கில்லை. தெருவிலோடும் பெற்றோல் கார் ஒன்றே இருவகையிலும் இடருடையதாக எஞ்சிநின்றது.

1962இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் இரு பிரிவுகள் ஒரே ஆண்டில் இம்முயற்சியில் இறங்கின. அவை எடுத்த வழிகள் வேறுவேறானவை. ஓல்ட்ஸ்மொபீல் ஜெற்பயர் என்னும் கார் 10.25:1 என்ற உயர்ந்த நெருக்கல் விகிதத்தை மாற்றாது வைத்துக்கொண்டது. வெடிப்பைத் தடுப்பதற்கு நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுள்ளே தெளித்தது. அத்திரவத்தைச் சொந்தக்காரர் அடிக்கடி நிரப்பவேண்டும், பலர் நிரப்பவில்லை. 1963ஆம் ஆண்டு மாதிரியோடு அக்கார் மறைந்தது. செவ்றலே கோவெயர் காரை அமைத்தோரோ நெருக்கல் விகிதத்தை 9இலிருந்து 8ஆகக் குறைத்து, சுழற்சித் தண்டு முதலிய உறுப்புகளையும் வலுப்படுத்தினர். 102 பரிவலுவாயிருந்தது 150 ஆயிற்று. 1966 வரை டர்போ கோவெயர் உற்பத்தியில் நீடித்தது. ஊட்டியைச் சேர்த்துவிட்டு எஞ்சினை அவ்வாறே விட்டுவிடுதல் இயலாது என்பதனை இவ்விரு கார்களும் தெளிவாக உணர்த்தின.

இப்படிப்பினையின் முழுப் பரிமாணத்தையும் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ 2002 என்னும் சிறு காரின் வரலாற்றிற் காணலாம். 1968இல் வெளிவந்த அக்காரின் எஞ்சின் அதனிலும் பழையது. 1961இல் அறிமுகமான 1500 என்னும் காருக்காக அலெக்ஸ் வொன் பல்கன்ஹவுசன் அதனை அமைத்தார். அன்று அது தந்தது 80 பரிவலு மட்டுமே. ஆயினும் வார்ப்பிரும்பாலான அடிக்கட்டையும், ஐந்து இடங்களில் தாங்கப்பெற்ற சுழற்சித் தண்டும் அன்றைய தேவைக்கு மிஞ்சிய உறுதியுடையனவாயிருந்தன. பின்னர் பெருப்பிப்பதற்கும் அதில் இடமிருந்தது. அந்த மிகையான உறுதி பிற்காலத்தவருக்கு ஒரு சேமிப்பாயிற்று. 1969ஆம் ஆண்டின் ஐரோப்பிய ரூறிங் கார் போட்டித்தொடரில் டர்போ பூட்டிய 2002 ஒன்றை ஓட்டி டீற்றர் குவெஸ்ரர் தமது பிரிவில் முதன்மை பெற்றார்.

1973 செப்ரெம்பரில் பிராங்போட் கண்காட்சியில் 2002 டர்போ பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது. ஐரோப்பாவில் தொடர் உற்பத்திக்கு வந்த முதலாவது டர்போ கார் இதுவெனலாம். இயல்பாக வளியெடுக்கும் 2002 ரீ.ஐ.ஐ. தந்த 130 பரிவலு இங்கு 170 ஆயிற்று. இதற்காக நெருக்கல் விகிதம் 9.5இலிருந்து 6.9 வரை குறைக்கப்பட்டது. முற்சில்லுகளின் தடுப்புகளும் மாற்றப்பட்டன. ஆயினும் குறைந்த நெருக்கலாற் கீழ்வேகங்களில் எஞ்சின் சோம்பியிருந்தது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 சுழற்சிகளை அண்டியதும் வலு திடீரெனப் பொங்கியது. ஈரத்தெருவில் இது எத்தகைய ஆபத்தை விளைக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை.

காலமும் அக்காருக்கு இசையவில்லை. 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை விதித்தன. பீப்பா ஒன்றுக்கு ஏறக்குறைய 3 டொலராயிருந்த விலை 1974 சனவரியில் 11 டொலரைத் தாண்டியது. மேற்கு ஜேர்மனியில் நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் கார்களை ஓட்டுதல் தடைசெய்யப்பட்டது. பெருந்தெருக்களிலும் தற்காலிக வேக வரையறை வந்தது. முன்னே செல்லும் சாரதி தன் கண்ணாடியிற் பார்த்து வாசிக்கும் வண்ணம் இக்காரின் முகப்பில் "2002 டர்போ" என்று இடவலமாய்ப் புரட்டி எழுதப்பட்டிருந்த சொற்கள், அவ்வேளையிற் செருக்கின் அடையாளமாகக் கண்டிக்கப்பட்டன. 1,672 கார்களோடு 1975இல் உற்பத்தி நின்றது. கழிவிலிருந்து வலுப்பெறும் கருவியொன்று சமுதாயத்தின் கண்ணில் வீண்செலவின் சின்னமாயிற்று என்பது ஈண்டு நோக்கற்பாலது.

எனினும் எண்ணெய் நெருக்கடி ஒன்றையே காரணமாகக் கொள்வது பொருந்தாது. அதே நெருக்கடியின் நடுவில், 1974இற் பாரிசில் அறிமுகமான போர்ஷே 911 டர்போ நிலைத்துநின்றது. பெற்றோல் விலையைப் பொருட்படுத்தாத செல்வர்களே அதனை வாங்கினர். சுவீடனின் சாப் நிறுவனமோ வேறொரு வழியைக் கண்டது. 1977இற் காட்டப்பட்ட சாப் 99 டர்போவில், மிகையான அமுக்கத்தை வெளியேற்றும் வாயிலொன்றைப் பொருத்தி, நாளாந்தப் போக்குவரத்துக்கு வேண்டிய நடுவேகங்களிலேயே வலு கிடைக்கச் செய்தது. உச்ச வேகத்தை நாடாது, அன்றாடத் தேவையை நாடியமை இதன் சிறப்பு.

பல்கன்ஹவுசனின் எஞ்சினுடைய கதையும் அத்துடன் முடிந்துவிடவில்லை. 1.5 லீற்றர் கொள்ளளவிற்குக் குறுக்கப்பட்டு, போல் றோஷ என்பாரின் கையில், அதே வகை அடிக்கட்டை போமியூலா ஒன் பந்தயத்துக்குச் சென்றது. 1983இல் நெல்சன் பிக்கே அவ்வெஞ்சினுடன் உலக முதன்மை பெற்றார். டர்போ எஞ்சினொன்று அப்பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. 80 பரிவலுவுக்கென வார்க்கப்பட்ட வடிவம் 600இற்கு மேற்பட்டதைத் தாங்கியது. 1973இல் இல்லாத எது 1983இல் இருந்தது? நெருக்கிய வளியைக் குளிர்விக்கும் அமைப்பு, எரிபொருளையும் தீப்பொறியையும் கணந்தோறும் அளந்துகொடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, சிறப்பான எரிபொருள் ஆகியனவே. ஊட்டியின் அடிப்படைத் தத்துவமோ பூக்கியின் காலத்திலிருந்தவாறே இருந்தது.

இன்று உலகெங்கும் சாதாரணச் சிறு கார்கள் எரிபொருட் சிக்கனத்துக்காகவே டர்போவுடன் வெளிவருகின்றன. ஒருகாலத்தில் வீண்செலவெனப் பழிக்கப்பட்டது சிக்கனத்தின் வழியாகியுள்ளது. பழைய விரைவோட்டக் காருக்கு இன்று டர்போ பூட்ட விழைவோரும், வாங்கப்போகும் ஊட்டியின் திறனைவிட, அந்த எஞ்சினை அன்று வார்த்தவர் எவ்வளவு உறுதியை மிச்சமாக விட்டுச்சென்றார் என்பதையே முதலில் அறியவேண்டும். வரலாற்று மாணவனுக்கும் இதுவே பாடம். புதிய விசையைக் கொணர்ந்தவர் பெயரை நாம் மறவாது எழுதுகின்றோம். அவ்விசை வருமென அறியாமலே அதனைத் தாங்கத்தக்கதாய்த் தம் வேலையைச் செம்மையாகச் செய்துவைத்தோரையும் அந்நிரலிற் சேர்த்தல் நம் கடனாகும்.