திருகோணமலையின் ஒற்றை ஆசனம்

தொண்ணூறு வயதைக் கடந்த இரா. சம்பந்தன் நோயின் காரணமாகப் பாராளுமன்றப் பதவியைத் துறப்பதே முறையென 2023 ஒக்டோபரில் அவரது கட்சியின் சுமந்திரனே வெளிப்படையாகக் கூறினார். சம்பந்தன் இணங்கவில்லை. மூத்தவரை அவமதிப்பதோ எனச் சிலர் சினந்தனர். பதவிப்பற்று எனச் சிலர் இகழ்ந்தனர்.

தந்தை செல்வநாயகமும் நடுக்குவாதத்தால் நலிந்தவரே. அவர் பேச்சைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியிருந்த நிலையிலும் 1975 காங்கேசன்துறை இடைத்தேர்தலில் மக்கள் அவரைப் பெருவாரியாகத் தெரிவுசெய்தனர். அன்று நோய் ஏன் வினாவாகவில்லை? 1972 அரசியலமைப்பை எதிர்த்து ஆசனத்தைத் துறந்து, மீண்டும் மக்கள்முன் நின்றவர் அவர். வாக்கு ஒரு கோரிக்கைக்கு விழுந்தது, உடலின் வலிமைக்கன்று.

திருகோணமலையின் நிலை வேறு. 2020இல் அம்மாவட்டம் தெரிவுசெய்த நால்வருள் தமிழர் சம்பந்தன் ஒருவரே. குச்சவெளிப் பக்கத்துக் காணிப் பிணக்குகள் முற்றியிருந்த காலத்தில் அந்த ஒருவர் படுக்கையிற் கிடந்தால் எடுத்துரைப்பார் யார்? சினந்தோரும் இகழ்ந்தோரும் இதனைத் தொடவில்லை. அடுத்தவரை உரிய காலத்தில் முன்னிறுத்தாத கட்சியின் பிழை ஒரு முதியவரின் தளர்ந்த உடலின்மேற் சுமத்தப்பட்டது. அக்கட்சியை நெடுங்காலம் வழிநடத்தியவரும் அவரே என்பதை மறைப்பதற்கில்லை.

2024 யூன் 30இல் அவர் கொழும்பில் மறைந்தார். பட்டியலில் அடுத்து நின்ற சண்முகம் குகதாசன் யூலையில் பதவியேற்றார்.